லாக்கர் அறையிலிருந்து செங்கடலுக்கு: எட்டு நாள் குறிப்பு

அக்டோபர் 4, 2025, சனி. எகிப்து, ஹுர்காடா துறைமுகம்

ஒரு வாரம் தங்கிக் கடலில் முக்குளிக்கும் படகில் ஏறிய பத்தாவது நிமிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பயணிகள் பட்டியலோடு துறைமுகத்தில் காட்ட வேண்டுமாம். பயணம் முடியும்வரை படகுத் தலைவரிடம்தான் இருக்குமாம். இருபது பேரின் பாஸ்போர்ட்டும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போயின. எங்கள் வீட்டு வடு மாங்காய் டப்பா அதைவிடப் பெரியது. ரசீது கேட்டேன். மூத்த வழிகாட்டி சிரித்தார். அக்கா மகன் என் முழங்கையைத் தொட்டு, "சித்தி, இது உங்கள் பேங்க் இல்லை" என்றான்.

31 ஆண்டு வங்கி வேலையில் கடைசி ஒன்பது ஆண்டு லாக்கர் அறை என் பொறுப்பு. முதலில் வங்கிச் சாவி, பிறகு வாடிக்கையாளர் சாவி. இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும். அப்படிப் பழகிய கைக்குப் பூட்டு இல்லாத எதைப் பார்த்தாலும் அரிக்கும். 49 வயதில் அந்தமானில் டைவிங் கற்றபோதுகூடத் தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதைவிடக் கரையில் விட்டுவந்த கைப்பையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன்.

இந்த முறை ஏற்பாடு பலம். தாலிச் சரடும் வளையலும் கோயம்புத்தூரில் லாக்கரில் இருக்கின்றன; கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். பணம் மூன்று பங்காக மூன்று இடத்தில். முகமூடி, காலில் மாட்டும் துடுப்பு, நீருக்கடியில் மூச்சு விட வாயில் வைக்கும் ரெகுலேட்டர் எல்லாவற்றிலும் அழியாத வெள்ளை மையால் "கோமதி" என்று தமிழில் எழுதியிருக்கிறேன். அக்கா மகன் டிரோன் கொண்டுவருவதாக இருந்தான். எகிப்தில் அனுமதி இல்லாமல் டிரோன் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள் என்று படித்து வீட்டிலேயே வைக்கச் செய்தேன். திருடனுக்கு முன்னால் சுங்கத்துக்கல்லவா பயப்பட வேண்டும்.

கீழ்த்தளத்தில் கேபின். போலந்துக்காரப் பல் மருத்துவர் ஒருவர் என்னோடு தங்குகிறார். கதவுக்குச் சாவி உண்டு. மற்ற யாரும் பூட்டுவதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஹுர்காடாவுக்கு அருகிலேயே பரிசோதனை முக்குளிப்பு. எடை சரிபார்த்தோம், முகமூடியில் நீர் ஏற்றி வெளியேற்றினோம், அவ்வளவுதான். தண்ணீர் 28 டிகிரி, வெதுவெதுப்பு.

இங்கே பொருள் எப்படிப் புழங்குகிறது என்று நாள் முழுவதும் கவனித்தேன். டைவிங் தளத்தில் ஆளுக்கு ஒரு சிலிண்டர், அதன் கீழே ஒரு கூடை. சின்னச் சாமான் எல்லாம் கூடையில் திறந்தே கிடக்கும். நன்னீர்த் தொட்டியில் லட்சக்கணக்கான ரூபாய் கேமராக்கள் வெண்டைக்காய் மாதிரி மிதக்கின்றன. கூடத்து மேசையில் பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜ் ஆகின்றன. பக்கத்தில் ஆளில்லை. முதலில் எனக்கு மூச்சு முட்டியது. பிறகு யோசித்தேன்: கடல் நடுவே எடுப்பவன் எதையும் எடுத்துக்கொண்டு எங்கே போவான்? இந்தப் படகே ஒரு பெட்டகம்தான்.

காணாமற்போவது வேறு வழியில். இன்று மட்டும் ஒருவர் விரல் டார்ச்சைக் கடலுக்குள் விட்டார், இன்னொருவர் என் துடுப்பை மாட்டிக்கொண்டு ரப்பர் படகு வரை போய்விட்டார். தமிழ் எழுத்தைப் பார்த்து அறை சுத்தம் செய்யும் பையன்தான் திருப்பி வாங்கி வந்தான். இவன் துண்டை மடித்துப் படுக்கை மேல் குரங்கு, அன்னம் எல்லாம் செய்து வைக்கிறான். இன்றைக்கு என் கண்ணாடியைப் போட்டுக்கொண்ட ஒட்டகம். கண்ணாடியை எடுத்திருக்கிறானே என்று ஒரு கணம் முகம் சுளித்தேன். அல்பம்.

அக்டோபர் 6, திங்கள். அபு நுஹாஸ்

நான்கு கப்பல்களைத் தின்ற பாறைத்திட்டு இது. எனக்கு வேண்டியது 'கார்னாட்டிக்'. 1869 செப்டம்பரில் சூயஸிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட கப்பல். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்த சமயம். பயணிகள் அலெக்சாந்திரியாவிலிருந்து தரை வழியாக வந்து இங்கே ஏறியிருந்தார்கள். தபாலும் செம்பும் துணியும் போக, இந்தியாவுக்கான 40,000 பவுண்டு மதிப்புத் தங்கமும் அதில் இருந்தது.

நள்ளிரவுக்குப் பின் பாறையில் ஏறியது. உடனே மூழ்கவில்லை, அதுதான் வினை. அதே நிறுவனத்தின் வேறொரு கப்பல் அந்த வழியே வரவேண்டியிருந்தது. வந்தால் ஏற்றிக்கொள்ளும், பம்புகள் தாக்குப்பிடிக்கும் என்று கப்பல் தலைவர் எல்லாரையும் மேலேயே வைத்துக்கொண்டார். ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தார்கள். கடைசியில் படகுகளில் ஏறத் தொடங்கிய நேரத்தில் கப்பல் இரண்டாக ஒடிந்தது. 31 பேர் போனார்கள். தங்கத்தில் பெரும்பகுதியை அந்த ஆண்டே முக்குளிப்பாளர்களை அனுப்பி எடுத்துவிட்டார்கள்.

27 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மரப்பலகைகள் மக்கிப்போய் இரும்பு விலா மட்டும் நிற்கிறது. விலாக்களுக்கு இடையே பட்டை பட்டையாக வெளிச்சம். உள்ளே கண்ணாடி மீன்கள் ஒரே திரையாக விலகி மூடுகின்றன. அந்தத் தங்கம் எந்த அறையில் இருந்திருக்கும், சாவி யாரிடம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நீந்தினேன். தொழில் புத்தி.

இரவு நிலா முழுசாகக் காய்கிறது. வாந்தி இல்லை. மேசையில் எதிரே உட்காரும் பெரியவர் ஒருவர் கொடுத்த மாத்திரை கேட்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய். திஸில்கோர்ம்

84 ஆண்டும் ஒரு நாளும் ஆகின்றன. 1941 அக்டோபர் 6 அதிகாலையில் ஜெர்மன் விமானம் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். ஒன்பது பேர் இறந்தார்கள். 30 மீட்டர் ஆழத்தில் இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறது. உள்ளறைகளில் பெட்ஃபோர்டு லாரிகள், அவற்றின் மேலேயே அடுக்கிய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள், துப்பாக்கிகள், குவியலாக ரப்பர் பூட்ஸ். யாருடைய காலுக்கும் போகாத பூட்ஸ்.

முக்குளிக்கும் முன் வழிகாட்டியின் பேச்சு வழக்கத்தைவிட நீண்டது. ஒரு தோட்டாவைக்கூடத் தொடாதீர்கள் என்றார். 1950களில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்டோவின் குழு இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தபோது ஒரு மோட்டார் சைக்கிளையும் கப்பல் தலைவரின் பெட்டகத்தையும் மேலே எடுத்ததாகச் சொன்னார். அதன் பிறகு, குறிப்பாக 1990களில் சுற்றுலாப் படகுகள் வரத் தொடங்கியபின், கழற்ற முடிந்ததெல்லாம் கழன்றுபோனது. கீழே போய்ப் பார்த்தால் ஸ்டியரிங் இல்லாத லாரிகள். கைப்பிடி இல்லாத வண்டிகள். நம் ஊரில் காவல் நிலையத்துக்குப் பின்னால் கிடக்கும் வண்டிகள் ஞாபகத்துக்கு வந்தன.

மதியச் சாப்பாட்டில் மாத்திரை கொடுத்த பெரியவர் ரகசியம் போலச் சொன்னார்: முப்பது வருஷம் முன்பு வந்தபோது இங்கிருந்து ஒரு பித்தளைத் தோட்டா உறை கொண்டுபோனாராம்; வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறாராம். நல்ல மனிதர். மேசையில் ஒருவருக்கும் அது திருட்டாகத் தோன்றவில்லை. எனக்கும் அந்த நிமிடம் தோன்றவில்லை, வண்டி எப்படி இருந்தது என்றுதான் கேட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வேறு ஒருவர் எழுந்து நின்றார். அவர் பையிலிருந்த உறையைக் காணோம், 400 யூரோ. கூடம் அமைதியானது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் இருபது பேரின் பார்வையும் தட்டு எடுக்க வந்த அந்தப் பையன் மேல் போய் விழுந்தது.

அக்டோபர் 8, புதன். ராஸ் முகமது

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நேற்று இரவு படுக்கப் போகும்போது கூடத்து மேசையிலிருந்த என் விளக்கு பேட்டரிகள், சார்ஜர், அக்கா மகனின் கேமரா பேட்டரிகள் எல்லாவற்றையும் கேபினுக்குக் கொண்டுவந்தேன். பலகைப் பிளக்கில் போட்டேன். பச்சை விளக்கு உறுத்தியதால் மேலே துண்டு போர்த்தினேன். கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

இரண்டரை மணி இருக்கும். ஏதோ இஸ்திரிப் பெட்டி மறந்துபோன வாசனை. துண்டைத் தூக்கினால் ஒரு பேட்டரி தொட முடியாத சூடு. பிளக்கைப் பிடுங்கினேன். வெளியே கொண்டுபோய்விடலாம் என்று சாவியைத் தேடினால் சாவி இல்லை. தலையணை கீழே இல்லை, மெத்தைச் சந்தில் இல்லை. படகு ஆடுகிறது, மூக்குக்கண்ணாடி வேறு எங்கோ. போலந்துப் பெண் விழித்து, "கதவைத் திற" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். வெளியிலிருந்து யாரோ கைப்பிடியைத் திருகினார்கள். ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். சாவி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்திருந்தது.

வெளியே நின்றது இரவுக் காவல்காரர். அதற்கென்றே ஒருவர் விடியவிடிய நடந்துகொண்டிருக்கிறார், இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை. பேட்டரியை இடுக்கியால் தூக்கி மேல்தளத்தில் மணல் வாளியில் போட்டார். தீ பிடிக்கவில்லை.

காலையில் மூத்த வழிகாட்டி என்னைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். குரல் உயரவில்லை. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். கீழேயிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தும் இரண்டும் ஒரே கூடத்துக்குள்தான் ஏறின. அந்தக் கூடம்தான் எரிந்துகொண்டிருந்தது. இரவு சுற்றிவரக் காவல் போடவில்லை என்பதுதான் அந்தத் தலைவர்மேல் வந்த வழக்கு. இந்தச் செங்கடலிலேயே 2023 ஜூனில் ஒரு படகு எரிந்து மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள். 2024 நவம்பரில் இன்னொன்று மூழ்கியது. "பேட்டரிகளைக் கூடத்தில் எல்லார் கண்முன்னும் வைக்கச் சொல்வது திருடனுக்காக அல்ல" என்றார்.

என்னைப் பற்றிக்கூட இவ்வளவு வருத்தமில்லை. அந்தப் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரையும் சேர்த்தல்லவா பூட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். ஆனால் இன்று மாலை தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டார்.

முக்குளிப்பு: யோலாண்டா திட்டு. 1980இல் மோதிய கப்பலிலிருந்து சிதறிய கழிப்பறைக் கோப்பைகள் பவளத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று. சிரிப்பு வந்தது, ரெகுலேட்டரில் தண்ணீர் ஏறியது.

அக்டோபர் 9, வியாழன்

கட்டில் தலைமாட்டுக் கொக்கியில் ஒரு சின்ன நீர்புகாப் பை மாட்டியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி, இரத்த அழுத்த மாத்திரை, கைபேசி, டார்ச், பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் பணம். இருட்டில் கை நீட்டினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மூன்று இடத்தில் ஒளித்த பணத்தில் ஓர் இடத்தை மறந்து அரை மணி தேடினேன்.

கூடத்தில் பேச்சு குறைந்துவிட்டது. அந்த 400 யூரோ பற்றிப் பணத்தைத் தொலைத்தவர் கரைக்குத் தொலைபேசியில் புகார் சொல்லிவிட்டார். பையன் இன்று என் துண்டை எந்த மிருகமாகவும் செய்யவில்லை. நாலாக மடித்து வைத்திருந்தான்.

அக்டோபர் 10, வெள்ளி. மீண்டும் ஹுர்காடா

பூட்டு உண்மையில் வேண்டியது இங்கேதான். படகுகள் தோளோடு தோள் ஒட்டி, பின்புறத்தைக் கரைக்குக் காட்டி நிற்கின்றன. ஒரு பலகையைத் தாண்டினால் எந்தப் படகிலிருந்தும் எந்தப் படகுக்கும் போகலாம். தண்ணீர் நிரப்புபவர், துணி எடுப்பவர், எரிபொருள்காரர் என்று ஆள் வந்தபடி இருக்கிறது. வழிகாட்டியே இன்று கேமரா எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிடச் சொன்னார்.

மதியம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பணியாளர்கள் அத்தனை பேரின் பைகளையும் டைவிங் தளத்தில், எங்கள் கண்முன்னால் திறக்கச் சொன்னார். சமையல்காரரின் பையில் ஒரு குழந்தைச் சட்டை, விலைச்சீட்டோடு. பையனின் பையில் இரண்டு பேண்ட், தொழுகை விரிப்பு, ஒரு பொட்டலம் பேரீச்சை. பணம் இல்லை. எங்கள் இருபது பேரின் பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

வங்கியில் கையிருப்பு குறைந்தால் முதலில் காசாளர் தன் கட்டுகளைத் திரும்ப எண்ணுவார், பிறகு மேலாளர் எண்ணுவார், பிறகுதான் கடைநிலை ஊழியரை யாராவது பார்ப்பார்கள். பார்க்காமலும் இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "முதலில் பயணிகளின் பையைத் திறக்கலாமே, என்னுடையதிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எல்லாம் முடிந்து அவர்கள் மடித்து வைக்கும்போதுதான் வார்த்தை கூடியது, அதற்குள் அந்த அலுவலகத்து மனிதர் பலகையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

பணம் கிடைக்கவில்லை. புகார் சொன்னவர் அன்பளிப்புப் பெட்டியில் எதுவும் போடவில்லை. நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு போட்டேன். அது என்ன கணக்கு என்று எனக்கே தெரியவில்லை.

பாஸ்போர்ட் டப்பா வந்தது. இருபதும் இருந்தன.

அக்டோபர் 11, சனி. கெய்ரோ விமான நிலையம்

அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம். கைப்பையைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நீர்புகாப் பையின் அடியில் டங் என்று ஏதோ விழுந்தது. கேபின் சாவி.

அக்கா மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக் குழந்தை விழித்துக்கொண்டது. "சித்தி, படகிலிருந்து ஒரு பொருள் காணாமற்போயிருக்கிறது என்று இப்போதாவது உறுதியாகிறது" என்கிறான்.

எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மூத்த வழிகாட்டிக்குச் செய்தி போட்டேன். இன்னொரு சாவி இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. எங்கள் கிளையில் என்றால் பூட்டை உடைத்து மாற்றி, செலவை வாடிக்கையாளர் தலையில்தான் கட்டியிருப்போம்.