சஃபாரி பின்பக்க ஆர்ம்: கீழ் இரண்டும் முடிந்தது, வலது முன் போல்ட் உயிரை எடுத்தது

டாடா சஃபாரியின் பின் அச்சைச் சேசிஸோடு நீளவாக்கில் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்ம்களில் கீழ் இரண்டும் புதிதாக ஏறிவிட்டன. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது பின்னால் கேட்ட அந்த 'டொக்' இப்போது இல்லை, பிரேக்கைத் தொட்டதும் பின்பக்கம் மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஒதுங்கியதும் நின்றுவிட்டது. மேல் ஆர்ம் இரண்டும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடும் பாக்கி.

வண்டி 2.2 டைகார் டீசல் இன்ஜின் 4×4, டிஎன் 69 பதிவு. தூத்துக்குடி உப்புக் காற்றைக் குடித்து வளர்ந்த வண்டி என்பது மேலே பெயின்ட்டைப் பார்த்தால் தெரியாது, கீழே படுத்தால்தான் தெரியும். திருச்செங்கோட்டுப் பக்கத்து வறண்ட காற்றிலேயே ஓடியிருந்தால் இந்தப் பதிவில் பாதி இருந்திருக்காது.

இடது பக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கழன்றது, மாட்டினேன். வலது பக்கம் சேசிஸ் பிராக்கெட்டில் இருக்கும் முன் போல்ட்தான் வில்லன். நட் சுலபமாக வந்துவிட்டது. போல்ட் வரவில்லை. ஆர்மின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள் ஸ்லீவும் (போல்ட் நுழையும் இரும்புக் குழாய்) போல்ட்டும் துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிட்டன. நீளமான பைப்பைப் போட்டு அழுத்தினால் போல்ட் திரும்பும், ஆகா என்று இருக்கும், கையை விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். திரும்பியது போல்ட் இல்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப அவிழ்கிறது. டபிள்யூடி-40 ஊற்றினேன், ஏடிஎஃப் என்ற ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். ஸ்லீவின் நடுப்பகுதி வரை எதுவும் இறங்கவில்லை. சுத்தியல் அடிக்கு நட் பக்கத்து மரைதான் நசுங்கியது.

மாமா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, கேஸ் வெச்சுக் காட்டுனா ரெண்டு நிமிசத்துல வந்துருமுங்களே" என்றார். வரும்தான். பக்கத்திலேயே பிரேக் பைப் போகிறது, ரப்பர் எரிகிற நாற்றமும் புகையும் வேறு, நான் அதற்குக் கீழே மல்லாக்கப் படுத்திருக்கிறேன். வேண்டாம் மாமா என்றுவிட்டேன்.

கடைசியில் அறுப்பதுதான் வழி. கிரைண்டர் டிஸ்க் அந்தப் பிராக்கெட்டுக்குள் நுழையாது. ஆர்மின் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஸ்லீவ் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த இடுக்கில் முன்னும் பின்னும் ஓடும் ரெசிப்ரோ ரம்பத்தை விட்டு ஸ்லீவையும் போல்ட்டையும் சேர்த்தே அறுக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். சாதாரண பைமெட்டல் பிளேடு ஸ்லீவை வெண்ணெய்போல் அறுத்துவிட்டு, போல்ட்டைத் தொட்டதும் பல்லை இழந்தது. கார்பைடு பல் வைத்த பிளேடு வாங்குங்கள், விலையைப் பார்க்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, ஆயில் விட்டுக்கொண்டே, பிராக்கெட்டைக் கீறாமல் அறுத்தால் போகும். ஆடிக் காற்று களத்து மண்ணையும் இரும்புத் தூளையும் சேர்த்து முகத்தில் கொட்டியது, கண்ணாடி இல்லாமல் இந்த வேலைக்குப் படுக்காதீர்கள்.

புது ஆர்மை வைத்தால் ஓட்டை நேராக வராது. ஒன்றைக் கழற்றியதும் மற்ற புஷ்கள் இளகி அச்சு கொஞ்சம் நகர்ந்துவிடும். லாரியில் லோடு கட்டும் ராட்செட் பெல்ட்டை அச்சுக்கும் சேசிஸுக்கும் குறுக்கே போட்டு முன்னால் இழுத்து, டிஃபரன்ஷியல் மூக்குக்கு அடியில் டிராலி ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போல்ட் விரலால் தள்ளியே உள்ளே போகும். கம்பி விட்டு நெம்பினால் புது புஷ்தான் கிழியும்.

அப்புறம் இறுக்குவது. இதில் மட்டும் யாரோடும் சமாதானம் கிடையாது. முன்பு ஒரு பட்டறையில் புஷ் மாற்றியபோது வண்டி லிஃப்ட்டில் தொங்க, சக்கரம் கீழே இறங்கியிருக்க, அப்படியே இம்பாக்ட் கன் வைத்து இறுக்கி அனுப்பினார்கள். ரப்பர் ஸ்லீவோடு ஒட்டியே இருக்கும் புஷ் இது, சுழலாது, முறுக்கித்தான் வேலை செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கும், சீக்கிரமே கிழியும். அச்சு டியூபுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, எடை முழுவதும் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகே குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்தேன். போல்ட் உடம்பில் காப்பர் கிரீஸ் தடவினேன், மரையில் தடவவில்லை. மரை வழுக்கினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். நட்டின் மேல் பெயின்ட் கோடு போட்டிருக்கிறேன், கொஞ்சம் ஓட்டிவிட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்தான் போட வேண்டும். முதல் எண் 10 என்றால் 1000 மெகாபாஸ்கல் இழுவலிமை, அடுத்த 9 அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீண்டுபோகாமல் தாங்கும் என்பது. அதைவிட வலிமை குறைந்த 8.8-ஐக் கையில் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார் ஒரு கடைக்காரர். வாங்கவில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டும் பட்டறைகளுக்கு போல்ட் போடும் கடையிலேயே சரியான நீளத்தில் கிடைத்தது, இந்த ஊரில் ரிக் வேலையால் வரும் சௌகரியம் இது.

மேல் ஆர்முக்குப் பழைய ஆர்மே போதும், வளையவில்லை, புஷ் மட்டும் மாற்றினால் சரி. ரிக் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது, ஞாயிறன்று வரச் சொல்லியிருக்கிறார்கள். பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். கல்லிலும் குழியிலும் அச்சு குறுக்காக முறுக்கும்போது ரப்பர் கொடுக்கிற நெளிவு அதற்கு வராது, கிரீச்சென்று கத்தவும் செய்யும், எனக்கு ரப்பரே போதும். பான்ஹார்டு ராடு வந்து சேர்ந்ததும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்குள் முன்பக்க ஷாக் அப்சார்பரும் ஆயில் விட ஆரம்பித்திருக்கிறது, அதற்கு யாராவது ஈரோடு பக்கம் நல்ல கடை தெரிந்தால் சொல்லுங்கள்.