நிறுத்துவது ஆயில், பிடிப்பது பிளேட்: எக்ஸ்கவேட்டர் பிரேக் கோளாறைப் பிரித்தறிவது

‘பிரேக் பிடிக்கலை’ என்று எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் சொன்னதும் ஸ்விங் மோட்டாரை (மேல்பாகத்தைச் சுழற்றும் ஹைட்ராலிக் மோட்டார்) இறக்கி, பிளேட் செட்டை மாற்றி, திரும்ப ஏற்றி ஓட்டிப் பார்த்தால் கோளாறு அப்படியே இருக்கும். பல இடங்களில் இதுதான் நடக்கிறது. செயின் வண்டியில் ஓடுகிற பாகத்தை நிறுத்துவது பிரேக் பிளேட் அல்ல, ஆயில். நின்ற பிறகு நகராமல் பிடித்துவைப்பது மட்டுமே பிளேட்டின் வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஸ்பேனரை எடுக்கும் முன்பே பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிடும்.

லீவரை நியூட்ரலுக்கு விட்டதும் மெயின் வால்வின் ஸ்விங் ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு) மோட்டாருக்குப் போகும் இரண்டு வழிகளையும் மூடிவிடுகிறது. மேல்பாகம் தன் வேகத்தில் சுழன்று மோட்டாரைப் பம்ப்போல ஓட்டுகிறது. வெளியேற வழியில்லாத ஆயில் அழுத்தம் ஏறி, ஸ்விங் ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டுதான் போக முடியும். அந்த எதிர்ப்பில்தான் வண்டி நிற்கிறது. மறுபக்கம் வெற்றிடம் வராமல் இருக்க, ரிட்டர்ன் லைனிலிருந்து மேக்கப் செக் வால்வு வழியே ஆயில் உள்ளே வருகிறது. பார்க்கிங் பிரேக் இதற்குப் பிறகுதான், பெரும்பாலான வண்டிகளில் லீவரை விட்டு 5 விநாடி அளவில், ஸ்பிரிங் விசையால் விழுகிறது. பைலட் பிரஷர் (வால்வுகளை இயக்கும் சிறிய கட்டுப்பாட்டு அழுத்தம்) வந்தால் பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கும், பிளேட் விடுபடும். பிரஷர் போனால் பிரேக் பிடிக்கும்.

ஆகவே ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியது மூன்று. லீவரை விட்டபின் மேல்பாகம் வழக்கத்தைவிட அதிகமாக ஓடிப்போய் நிற்கிறதா? நின்றபின் சரிவில் மெல்ல நகர்கிறதா? அல்லது ஸ்விங்கே மந்தமாகி மோட்டார் சூடேறுகிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு.

சோதனைக்கு முன் ஆயில் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடாகட்டும். குளிர்ந்த ஆயிலில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. பைலட் லைனுக்கு 60 கிலோ (சதுர செ.மீ.க்கு) கேஜ், மெயின் லைனுக்கு 600 கிலோ கேஜ் போதும். எந்த ஹோஸைக் கழற்றும் முன்பும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, சேஃப்டி லீவரைத் திறந்து எல்லா லீவர்களையும் பலமுறை அசைத்து, டேங்க் மூடியின் காற்றை விட்டுவிடுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள்.

முதலில் பைலட் பிரஷர். பெரும்பாலான வண்டிகளில் 35 முதல் 40 கிலோ வரை இருக்கும். உங்கள் மாடலின் சரியான எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தால் ஸ்விங் மட்டுமல்ல, எல்லா அசைவும் மந்தமாகும். பைலட் பிரஷர் சரியாக இருந்து ஸ்விங் மட்டும் மந்தம் என்றால் பிரேக் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். மோட்டாரின் பிரேக் போர்ட்டில் (பிரேக்குக்கு ஆயில் நுழையும் துளை) ஒரு டி-ஜாயின்ட் போட்டு கேஜ் மாட்டுங்கள். லீவரை அசைத்ததும் முள் பைலட் பிரஷருக்கு ஏற வேண்டும், விட்ட சில விநாடிகளில் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஏறவே இல்லையா, பாதியில் நிற்கிறதா, இறங்க மறுக்கிறதா என்பதிலேயே வழி தெரியும்.

ஏறவில்லை என்றால் சிக்னலைத் தேடுங்கள். சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) வைத்த வண்டிகளில் பைலட் சோலனாய்டு பிளாக்கில் ஒரே மாதிரியானவை வரிசையாக இருக்கும். டிராவல் ஸ்பீடு சோலனாய்டும் ஸ்விங் பிரேக் சோலனாய்டும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். ஸ்விங் பிரேக் கேன்சல் சுவிட்ச் உள்ள வண்டியில் அதைப் போட்டதும் ஸ்விங் சரியானால், கோளாறு கண்ட்ரோலர், பிரஷர் சுவிட்ச், வயரிங் பக்கம். அப்போதும் மாறவில்லை என்றால் சோலனாய்டு, பைலட் லைன் அல்லது மோட்டார். ஷட்டில் வால்வு (இரண்டு வழிகளில் பிரஷர் அதிகமுள்ளதை மட்டும் கடத்துவது) வழியே சிக்னல் வரும் சில வண்டிகளில் ஆர்மை உள்ளே இழுக்கும்போதும் ஸ்விங் பிரேக் விடுபடும், தோண்டும்போது வரும் பக்கவாட்டு விசை கியரைத் தாக்காமல் இருப்பதற்காக. அந்த அமைப்பில் ஸ்விங் தனியாக மந்தமாகவும், ஆர்மோடு சேர்த்து இயக்கினால் நன்றாகவும் இருந்தால் ஸ்விங் பக்க ஷட்டிலைத்தான் பிரிக்க வேண்டும். மோட்டாரைத் தொட வேண்டியதில்லை.

பாதியில் நின்றால் பிஸ்டன் சீல் கசிகிறது. இதை உறுதி செய்ய ஒரு ஹேண்ட் பம்ப் போதும். இன்ஜினை நிறுத்தி, பிரேக் போர்ட்டில் பம்பை மாட்டி, பைலட் பிரஷர் அளவுக்கு ஏற்றி, 5 நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் இறங்கி, கேஸ் டிரெயின் (மோட்டார் கூட்டுக்குள் கசியும் ஆயிலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) வழியே ஆயில் வந்தால் சீல் போய்விட்டது. பைலட் பிரஷரைத் தாண்டி ஏற்றாதீர்கள். டைமர் வால்வு (பிரேக் விழுவதைச் சில விநாடி தாமதிப்பது) மோட்டாருக்குள்ளேயே இருக்கும் மாடல்களில் பம்பை எந்தப் போர்ட்டில் மாட்டுவது என்று சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் நல்ல சீலும் கசிவதாகத் தெரியும்.

பாதி விடுபட்ட பிரேக்கோடு வேலை செய்வது மிகப் பெரிய சேதம். பிளேட் தேய்ந்த தூள் கேஸ் ஆயிலோடு கலந்து டேங்குக்குப் போகிறது. ரிட்டர்ன் ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் கறுத்த தூளாகத் தெரியும். அப்படி இருந்தால் பிளேட் மாற்றுவதோடு நிறுத்தாமல், கேஸைக் கழுவி, ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும்.

இறங்க மறுத்தால் டைமரின் சிறு துளை அடைபட்டிருக்கும், அல்லது சோலனாய்டு ஸ்பூல் திறந்தபடி ஒட்டியிருக்கும். சரிவில் மேல்பாகம் நகர்வதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. நேர்மாறாக, தாமதமே இல்லாமல் உடனே இறங்கினால் சுழன்றுகொண்டிருக்கும்போதே பிளேட் கவ்வும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு உதறல் இருக்கும், புதிய பிளேட்டும் சீக்கிரம் தேயும். பிளேட் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி தேய்ந்ததென்றால் பிளேட்டின் தரத்தைக் குறை சொல்லும் முன் இந்தத் தாமதத்தை அளந்து பாருங்கள்.

சரிவில் நகர்வதைச் சோதிக்க, வண்டியைச் சரிவில் நிறுத்தி, மேல்பாகத்தைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, ஸ்விங் சர்க்கிளில் மேலும் கீழுமாகச் சாக்பீஸ் கோடு போட்டு 5 நிமிடம் காத்திருங்கள். 15 டிகிரி சரிவு போதும். பக்கெட் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் இருக்கட்டும், சுழலும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. பிரேக் நன்றாக இருந்தால் கோடு விலகவே கூடாது. விலகினால், பக்கெட்டை இறக்கி, பிரேக்குக்குப் பைலட் சப்ளை வரும் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது நகரவில்லை என்றால் பிளேட் நல்லது, விடுவிக்கும் வால்வுதான் பிரஷரைக் கசியவிடுகிறது. இப்போதும் நகர்ந்தால் பிளேட் அல்லது ஸ்பிரிங். ஹோஸ் கழற்றிய நிலையில் ஸ்விங் லீவரை இயக்காதீர்கள், பிளேட் சேதமாகலாம். மேல்பாகம் கொஞ்சம் ஆடி ஒரே இடத்தில் ‘டக்’கென்று நின்றுவிட்டால் அது பிரேக் கோளாறே அல்ல, கியர் பல்லிலோ ஸ்பிளைனிலோ உள்ள இடைவெளி.

அதிகமாக ஓடிப்போய் நிற்பது தனிக் கதை. இதில் பிளேட்டுக்குப் பங்கே இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறதென்றால் மோட்டாரில் உள்ள இரண்டு ரிலீஃப் வால்வுகளையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் வால்வு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மாறவில்லை என்றால் நியூட்ரலில் ஸ்விங் பைலட் லைன்களின் பிரஷரைப் பாருங்கள். மீதிப் பிரஷர் நின்றால் ஜாய்ஸ்டிக் வால்வின் ரிட்டர்ன் அடைப்பு. அது ஸ்பூலை முழுதாக மூட விடாது. இரண்டு பக்கமும் ஓடினால் மோட்டாரின் உள்கசிவை அளக்க வேண்டும். கேஸ் டிரெயின் ஹோஸை அளவுக் கலனில் விட்டு (மோட்டார் பக்கம் திறந்தே இருக்க வேண்டும், அடைத்தால் ஷாஃப்ட் சீல் வெடிக்கும்), ஸ்விங்கை ரிலீஃபில் வைத்து (மேல்பாகம் சுழலாதபடி தடுத்து, ரிலீஃப் வால்வு திறக்கும்வரை லீவரைப் பிடித்து) ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்த்து மேனுவலின் எல்லையோடு ஒப்பிடுங்கள். நிறுத்தும்போது சரளை உருள்வது போன்ற சத்தம் கேட்டால் மேக்கப் ஆயில் போதவில்லை. ரிட்டர்ன் லைனின் பேக் பிரஷர் வால்வில் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிராவல் பக்கத்திலும் இதே பிரிவினைதான். இறக்கத்தில் கட்டுப்படுத்துவது கவுன்டர்பேலன்ஸ் வால்வு, நின்றபின் பிடிப்பது பார்க்கிங் பிளேட். இறக்கத்தில் வண்டி பாய்ந்தால் அந்த ஸ்பூல் திறந்தபடி ஒட்டியிருக்கிறது. விட்டு விட்டு உதறி இறங்கினால் அதன் டேம்பர் துளையில் அழுக்கு. ஒரு செயின் மட்டும் இழுக்கவில்லை என்றால், சென்டர் ஜாயின்ட்டுக்கு (மேல்பாகம் சுழன்றாலும் கீழ்ப்பாகத்துக்கு ஆயிலைக் கடத்தும் இணைப்பு) கீழே இடது, வலது டிராவல் ஹோஸ்களை மாற்றிக் கொடுங்கள். கோளாறு அடுத்த செயினுக்கு மாறினால் மேலே, அதாவது பம்ப், வால்வு அல்லது சென்டர் ஜாயின்ட் சீல். மாறாவிட்டால் அந்த மோட்டாரும் அதன் பிரேக்கும். ஃபைனல் டிரைவ் (செயினைச் சுழற்றும் கியர் பெட்டி) ஆயிலின் மட்டம் ஏறி நீர்த்திருந்தால் மோட்டார் ஷாஃப்ட் சீல் போய் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே வருகிறது. ஃபைனல் டிரைவைப் பிரித்ததும் அந்தப் பக்கத்தில் பிரேக்கே இல்லை. சமதளமானாலும் இரண்டு செயினுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தபின்தான் கை வைக்க வேண்டும்.

டயர் வண்டியில் மட்டும் மிதித்து நிறுத்தும் சர்வீஸ் பிரேக் உண்டு. ஆக்சிலுக்குள் ஆயிலில் மூழ்கிய பிளேட், அக்குமுலேட்டரில் (நைட்ரஜன் வாயு அடைத்த கலன்) சேமித்த அழுத்தம். இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆனில் வைத்து, பெடலை முழுதாக மிதித்து மிதித்து விடுங்கள். லோ பிரஷர் விளக்கு எரியும் முன் எத்தனை மிதி கிடைக்கிறது என்று எண்ணி மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டிலேயே எரிந்தால் நைட்ரஜன் போய்விட்டது. ஆயில் அழுத்தத்தை முழுதாக வடித்த பிறகே நைட்ரஜனை அளக்க வேண்டும். நிரப்புவதும் உலர் நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜனோ கம்ப்ரெசர் காற்றோ ஏற்றினால் வெடிக்கக்கூடும். தோண்டும்போது பெடலை லாக் செய்தும் வண்டி மெல்ல நகர்ந்தால் பெடல் வால்வோ பிரேக் பிஸ்டன் சீலோ கசிகிறது. பிஸ்டன் சீல் என்றால் ஆக்சில் ஆயில் மட்டம் ஏறி பிரீதர் (காற்றுத் துளை) வழியே வழியும். மிதிக்கும்போது முனகல் சத்தம் மட்டும் வந்தால், ஆக்சிலில் ஈரப் பிரேக்குக்கு ஏற்ற ஆயில்தான் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் இப்படித்தான் சத்தம் வரும்.

கடைசியில் பிரேக்கைப் பிரிக்க வேண்டி வந்தால், ஒவ்வொரு பிளேட்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். ஸ்பிரிங்குகளைச் சமதளத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள். புதிய உராய்வுப் பிளேட்டுகளை மாட்டும் முன் சுத்தமான ஹைட்ராலிக் ஆயிலில் ஊறவையுங்கள். பிஸ்டனின் ஓ-ரிங்குகளுக்கு ஆயில் தடவி, முறுக்கு விழாமல் நேராக இறக்குங்கள். மோட்டாரை ஏற்றியதும் கேஸை ஆயிலால் நிரப்பாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகு, முதலில் போட்ட அதே கேஜையும் அதே சாக்பீஸ் கோட்டையும் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.