பேரனின் இடது கை: மே மாதக் குறிப்புகள்

மே 6, செவ்வாய்

கத்திரி ஆரம்பித்தாயிற்று. காலையிலேயே மகளும் பேரனும் நானும் கடலூரில் பஸ் ஏறி புதுச்சேரி போனோம். பேரனுக்கு ஏழு வயது. பிறக்கும் சமயத்தில் மூளையின் வலப்பாதியில் ரத்த ஓட்டம் தடைபட்டு வந்த பெருமூளை வாதம் என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஓடுவான், கணக்குப் போடுவான், வாய் ஓயாது. இடது கை மட்டும் பெருவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மார்போடு ஒட்டி நிற்கும்.

போன இடம் மூளையைத் தூண்டும் சிகிச்சை என்று விளம்பரம் செய்யும் ஒரு தனியார் மையம். ஏ.சி., மீன் தொட்டி, சுவர் நிறைய சிரிக்கும் குழந்தைகள். 'பேக்கேஜ்' விலை கேட்டால் என் ஓய்வூதியத்தில் பல மாதம் போய்விடும். கூட்டுறவு வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான், கேட்காமல் வர முடியவில்லை. "மெஷின் வெச்சப்புறம் கைக்கு என்ன பயிற்சி?" என்றேன். "அதெல்லாம் தேவையில்ல சார், படுத்தா போதும்" என்றார் அந்தப் பெண். எனக்கு அங்கேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று. மகளுக்கு விடவில்லை. திரும்பும்போது முள்ளோடை தாண்டும்வரை என்னோடு பேசவில்லை.

மே 9, வெள்ளி

ராத்திரியில் உட்கார்ந்து படித்ததில் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். தூண்டல் முக்கியமாக இரண்டு விதம். தலைமேல் கம்பிச்சுருள் வைத்துக் காந்தத் துடிப்பு கொடுப்பது ஒன்று. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவரோடு இருந்தவர்களும் செய்துகாட்டினார்கள். மற்றது உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரம், ஏறக்குறைய 20 நிமிடம்.

அடிபட்ட பக்கத்தை உசுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருபக்க வாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பல ஆய்வுகளில் காந்தத்தை நல்ல பக்கத்தில் வைக்கிறார்கள், அதுவும் அதன் வேகத்தைத் தணிக்க! நல்ல பாதி மற்ற பாதியை அடக்கி வைத்திருக்கிறது என்பது கணக்கு. பெரியப்பா ஊருக்குப் போனால்தான் சித்தப்பா வாய் திறப்பார் என்பது போல. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த நல்ல பாதியேதான் வலுவில்லாத கையையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கும். யாருக்கு எது என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். மீன் தொட்டிக்காரர்கள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

கனடாவில், கால்கரியில் ஆடம் கிர்ட்டன் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர், வயது 6 முதல் 19 வரை. இரண்டு வார முகாம். காந்தம் வைத்தவர், வைக்காதவர் எல்லாருக்குமே கைப்பயிற்சி உண்டு. காந்தமும், நல்ல கையைக் கட்டிவைத்து வலுவில்லாத கையை வேலை செய்ய வைக்கும் முறையும் சேர்ந்தபோது தேறியவர்கள் அதிகம். 2017-ல் அதே குழு 24 பிள்ளைகளைச் சேர்த்து, சிலருக்கு நிஜமாகவும் சிலருக்குப் போலியாகவும் மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தது. கையின் திறனை அளந்து பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. தாங்கள் செய்ய ஆசைப்பட்ட காரியங்களில் முன்னேற்றம் என்று மட்டும் நிஜத் தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். சும்மா படுத்து எழுந்து போனவர் ஒருவரும் இதில் இல்லை. மகளிடம் அந்த இடத்தைத்தான் காட்டினேன்.

மே 13, செவ்வாய்

எங்கள் பிசியோ அம்மா வந்திருந்தார். பேரனுக்கு அவர் அக்கா. "லீவுதானே சார், நல்ல கையைக் கட்டிடலாமா?" அமெரிக்காவில் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் பார்த்துவிட்டு மனிதருக்குக் கொண்டுவந்த முறை. மாவுக்கட்டு வேண்டாம், கழற்றி மாட்டுகிற உறை போதும் என்றார். என் மனைவி பழைய வேட்டியில் தைத்துவிட்டாள்.

பல்லாங்குழியை இறக்கினோம். புளியங்கொட்டையை எடுப்பதில் பாதிக் கஷ்டம், விடுவதில்தான் முழுக் கஷ்டம். விட வேண்டும் என்று நினைக்க நினைக்க விரல் இன்னும் இறுகுகிறது. மணிக்கட்டைத் தொங்கப் போட்டால் விரல் தானாகத் திறக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறான் படுவா. அக்கா விடவில்லை. மணிக்கட்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கி, "இப்ப விடு" என்றார். தோள் தூக்கியது, நாக்கு வெளியே வந்தது, அப்புறம் பெருவிரல் கொஞ்சம் விலகி, கொட்டை பக்கத்துக் குழியில் போய் விழுந்தது. "அது செல்லாது, திரும்பப் போடுறேன்" என்று வழக்குக்கு வந்தான்.

மே 16, வெள்ளி

உறை கிணற்றுக்குள் போய்விட்டது. இன்று பயிற்சி இல்லை.

மே 18, ஞாயிறு

சம்பந்தி வந்து மூலிகை எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார். தேய்த்தால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கிறது, தேய்க்கிறோம். ஆனால் மற்றவர் பிடித்து நீவிவிடுவதால் கை வேலை கற்றுக்கொள்ளாது. அது தானே முயன்றால்தான் உண்டு. சம்பந்தியிடம் இதைச் சொல்ல முடியுமா?

மே 21, புதன்

கோரிமேடு ஜிப்மர். கூட்டம் சொல்லி மாளாது. டாக்டர் முதலில் கேட்டது ஃபிட்ஸ் பற்றி. கைக்குழந்தையாக இருந்தபோது வந்திருக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபிட்ஸ் வந்த பிள்ளைக்குக் காந்தம் வைப்பதாக இருந்தால் மிகவும் யோசித்துத்தான் வைக்க வேண்டுமாம். தலைக்குள் உலோகமோ, காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவியோ இருந்தால் கிட்டவே போகக் கூடாதாம். மையத்தில் எங்களை இதில் ஒன்றையும் கேட்கவில்லை. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன்.

மே 27, செவ்வாய்

மையத்துக்கு மகளே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பணத்தில் பிசியோ அம்மா வாரத்தில் கூடுதல் நாள் வருவதாக ஏற்பாடு. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக உள்ள நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் சேரும். மனு நிரப்புவது என் வேலை.

"பயிற்சியோட சேர்த்து, ஒழுங்கா பரிசோதிச்சுச் செய்யுற இடம் கிடைச்சா அப்ப பார்க்கலாமாப்பா?" என்றாள். பார்க்கலாம் என்றேன், மனதாரத்தான். உறை இனி வேண்டாம், இரண்டு கையையும் சேர்த்துப் பழக்கலாம் என்கிறார் அக்கா: டிபன் பாக்ஸை இடது கையால் அமுக்கிப் பிடித்து வலது கையால் திறப்பது. பள்ளி திறப்பதற்குள் அது வர வேண்டும். எவர்சில்வர் டப்பா வழுக்குகிறது. அடியில் ரப்பர் வைத்த டப்பா ஒன்று நாளைக்குக் கடைத்தெருவில் பார்த்து வாங்க வேண்டும்.