மெஷின் வரும் வரை

மார்ச் 3

தகடு மடக்கும் மெஷின் 12 அங்குலமா, 30 அங்குலமா. நேற்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. மேலே ரோலர், நடுவில் மடக்கு, கீழே வெட்டு, மூன்றும் ஒரே மெஷினில். சின்னது 45 கிலோதான், மேசையிலேயே போல்ட் போட்டு நிறுத்தலாம். ஆனால் நான் செய்யப்போவது போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரை வைக்கிற தகட்டுப் பெட்டி. முதுகுத் தகடே 300-க்கு 400 மிமீ. 400 பக்கத்தை 12 அங்குல வாயில் எப்படி வைப்பது? அப்போ 30 அங்குலம். அது 130 கிலோவைத் தாண்டும். விலையும் அப்படித்தான், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

மார்ச் 4

அடகுக்குப் போன வளையலைப் பற்றி மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 6

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு கடையில் 30 அங்குல மெஷினைப் பார்த்தேன். பெயின்ட் பளபளப்பு. கையோடு கொண்டுபோன 1 மிமீ தகட்டை முழு அகலத்துக்கும் வைத்து மடக்கச் சொன்னேன். 90 டிகிரி பார்க்கிற மூலைமட்டத்தை இடது ஓரத்தில் வைத்தேன், சரி. வலது ஓரம், சரி. நடுவில் வைத்தால் வெளிச்சம் தெரிகிறது. இரண்டு முனையிலும் பிடித்திருக்கிற இரும்பு, அழுத்தம் ஏறும்போது நடுவில் வளைந்து கொடுக்கிறது. அதனால் தகடு அங்கே மட்டும் முழுசாக மடங்குவதில்லை.

"ஏனுங்க, இந்த வேலைக்கு இவ்வளவு பார்ப்பீங்களா?" என்றார் கடைக்காரர்.

பார்க்கத்தான் வேண்டும். கதவு உட்காரும் விளிம்பு நடுவில் வாய் பிளந்தால் தண்ணீர் புகாமல் ஒட்டுகிற ரப்பர் பட்டை அமுங்காது. மழைச் சாரல் நேராக உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற கான்டாக்டர் சுவிட்ச் மேல் போகும். ஈரக் கையோடு ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்ததும் ஓடிவந்து பட்டனை அழுத்துகிறவர் யார்? தோட்டத்தில் தனியாக இருக்கிற ஒரு பெரியவர். அவர் கை படுகிற பெட்டி அது.

மார்ச் 7

தூக்கமில்லை. அந்த நடுப்பகுதி.

மார்ச் 9

இன்னொரு சிக்கல், இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. பெட்டிக்கு நான்கு சுவர். எதிரெதிர் இரண்டு சுவரை எந்த மெஷினிலும் மடக்கிவிடலாம். மூன்றாவதுக்குத் தகட்டைத் திருப்பினால், ஏற்கெனவே நிற்கிற சுவர்கள் மேல் தாடையில் போய் முட்டும். அதற்குத்தான் விரல் வைத்த பெண்டிங் மெஷின். மேல் தாடை ஒரே துண்டாக இருக்காது, வேறுவேறு அகலத்தில் விரல் விரலாகக் கழற்றலாம். உள் அளவுக்குத் தேவையான விரல்களை மட்டும் மாட்டினால், நிற்கிற சுவர்கள் இரண்டு பக்க இடைவெளியிலும் ஏறிக்கொள்ளும்.

அப்புறம் கனம். மெஷின் போர்டில் 1 மிமீ என்று போட்டிருக்கும், அதுவும் சாதா இரும்புக்கு. எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இன்னும் கம்மி. எனக்கு வேண்டியது 18 கேஜ், 1.2 மிமீ. வித்தியாசம் 0.2 தானே என்று தோன்றும். மடக்குகிற பலம் கனத்தின் வர்க்கத்தில் ஏறும்: 1.2 ஐ 1.2 ஆல் பெருக்கினால் 1.44. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! 1.6 தாங்குகிற மெஷினாக இருந்தால்தான் 1.2 ஐ அது சுலபமாக மடக்கும்.

வெட்டும் ரோலரும் வேண்டாம் என்று முடிவு. வெட்டுவதற்கு ஷியரிங் பட்டறை இருக்கிறது, அளவைக் கொடுத்தால் கூலிக்கு வெட்டித் தருவார்கள். மடிப்புதான் என் வேலை. அந்தக் காசு முழுவதும் மடிப்புக்கே போகட்டும்.

மார்ச் 10

வட்டி கட்டும் தேதி. கட்டியாச்சு.

மார்ச் 13

கணபதியில் ஒரு பட்டறையைக் காலி செய்கிறார்கள். பஞ்சாப் பட்டாலாவில் செய்த விரல் மெஷின், 3 அடி, 1.6 மிமீ. பழசு, ஆனால் வார்ப்பு கனமாக இருக்கிறது. பட்டறைக்காரர் எண்ணெய்த் துணியை விரித்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் பஞ்ச் அடித்து எண் போட்டிருக்கிறது. முனைகளை விரலால் தடவினேன், ஒன்றிரண்டில் சின்னப் பள்ளம், உப்புத்தாள் போதும். கீல் பக்கம் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. 3 அடிக்கும் 1.2 தகட்டை மடக்கினோம். மூலைமட்டத்தை முதலில் நடுவில்தான் வைத்தேன்.

வெளிச்சம் இல்லை.

"தம்பி, இதுல நான் செஞ்ச பெட்டி இன்னும் தோட்டத்துல நிக்குதுங்க" என்றார். 42,000 கேட்டார், 38,000 க்குச் சம்மதித்தார். பாதி கொடுத்துவிட்டேன்.

மார்ச் 14

"வாங்கீட்டு வாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் கையைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

மார்ச் 16

பின் சாய்ப்பில் காங்கிரீட் போட்டோம். தகட்டை மடக்குகிற முன் பலகையை, இலையை, தூக்கி மடக்கும்போது மெஷினே கிளம்பப் பார்க்கும், தரையோடு இறுக்காமல் முடியாது. காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன்.

மார்ச் 19

கணக்கு. பக்கம் 120, முதுகு 300, பக்கம் 120, வெளி அளவு மொத்தம் 540. ஒரு மடிப்புக்கு இரண்டு கனம் கழித்தால் இரண்டு மடிப்புக்கு 4.8. தகடு 535.2. இது தொடக்கத்துக்கு மட்டும்தான், முதல் துண்டை மடக்கி அளந்த பிறகே சரியான கழிவு தெரியும். கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் நிமிரும், அதனால் 90-க்கு 92 வரை கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 22

டெம்போ வரவில்லை. போன் எடுக்கவில்லை.

மார்ச் 23

எடுக்கவில்லை.

மார்ச் 24

வந்துவிட்டது. உருளைக் குழாய் வைத்துத் தள்ளி சாய்ப்புக்குள் ஏற்றினோம். போல்ட் ஓட்டைகள் சரியாக உட்கார்ந்தன. எல்லாரும் டீ குடித்துக் கிளம்பிய பிறகுதான் பார்க்கிறேன், விரல்கள் இருந்த எண்ணெய்த் துணி மூட்டை வண்டியில் வரவில்லை. அது இல்லாமல் மெஷின் இருந்து என்ன? போன் போட்டால் பட்டறைக்காரர் மகன் எடுக்கிறார், அப்பா மருதமலை போயிருக்கிறாராம், பட்டறைச் சாவியும் அவரிடம்தானாம். ஆறு மணிக்குக் கணபதி போகிறேன்.