எங்கள் வலைக்கடைக்குள் ஏஐ வந்த விதம்

திருகோணமலை நகரில் மீன்பிடிச் சாமான் விற்கும் சிறிய கடை எங்களுடையது. அப்பா தொடங்கியது, இப்போது நானும் தங்கச்சியும் பார்க்கிறோம். அப்பா காலத்திலிருந்து நிற்கும் மாமா ஒருவர் இருக்கிறார். இரத்த உறவில்லை, ஆனால் அவரை நாங்கள் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. சாமான் எடுத்துக்கொடுக்க இரண்டு பெடியன்கள். நைலோன் வலை, கயிறு, மிதவை, ஈயம், தூண்டில், எஞ்சின் பாகங்கள், ஒயில் என்று சாமான் வகை ஏராளம். சல்லி, நிலாவெளி, குச்சவெளி, மூதூர், கிண்ணியா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

இப்படியான கடைக்குச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் எந்தச் செயலியையும் திறக்கும் முன், எங்களுக்கு நேரத்தைத் தின்னும் வேலைகள் எவை என்று தங்கச்சி ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாள். சரக்குக் கணக்கு, கொழும்பு விநியோகஸ்தர்களுக்குச் சிங்களத்தில் கடிதம், விலை கேட்டு வரும் வட்ஸ்அப் செய்திகள், அடுத்த பருவத்துக்கு எவ்வளவு எடுப்பது என்ற யோசனை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தோம்.

எப்போது தொடங்குவது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. எங்கள் கிழக்குக் கரைக்கு வாடைக்காற்று பிடித்தால் கடல் கொந்தளிக்கும், கடை படுத்துவிடும். ஒக்டோபர் கடைசியிலிருந்து தை மாதம்வரை வேலை குறைவு. மாசி, பங்குனிக்குப் பிறகு கடல் அமைதியாகும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரை குழம்பும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் எங்கள் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுவார்கள். அந்த மாதங்களில் எங்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. ஆகவே புதிதாக எதையும் பழகுவது வாடைக்காலத்தில் மட்டும், பருவ காலத்தில் பழகியதை மட்டும் பாவிப்பது என்று வைத்துக்கொண்டோம். நாங்கள் போட்ட திட்டத்திலேயே உருப்படியானது இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வாசலில் ஆள் நிற்கும்போது புதுச் செயலி பழக முடியாது.

முதல் வாடைக்காலம் முழுக்கச் சரக்குப் பட்டியலிலேயே போனது. இதில் ஏஐயின் பங்கு கொஞ்சம்தான், எங்கள் பங்குதான் அதிகம். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தது. எங்கள் பக்கத்தில் பழைய கோப்புகள் பலதும் இப்படித்தான் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அதை அப்படியே செயலியில் ஒட்டினால் குப்பையாகத்தான் போய் விழும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாகச் சரிபார்த்தோம். அப்புறம்தான் தெரிந்தது, ஒரே மிதவை மூன்று பெயரில் மூன்று வரியில் இருக்கிறது. ஒரே பெயருள்ள சாமான்களைச் சேர்க்க, அளவுகளை ஒரே முறையில் எழுத, வலைக்கண்ணின் அளவையும் நூலின் இழை எண்ணிக்கையையும் வெவ்வேறு நிரல்களாகப் பிரிக்க ஏஐ நன்றாக உதவியது. ஆனால் எது எதோடு சேரும் என்று கடைசியில் சொன்னது மாமாதான்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவர் எங்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் கடை பூட்டும் நேரம், "தம்பி, இது வந்தா நான் வீட்ட போக வேண்டியதுதானோ?" என்று நேரே கேட்டார். "இல்ல மாமா, இது சொல்றது சரியோ பிழையோ எண்டு பாக்க நீங்கதான் வேணும்" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. அந்தக் கிழமையே தங்கச்சி விதிமுறைத் தாள் ஒன்று எழுதி காசு மேசைக்கு மேலே ஒட்டினாள். ஏஐ தரும் எந்தக் கொள்முதல் யோசனையும் மாமா பார்த்துக் கையெழுத்து வைக்காமல் போகாது என்பது அதில் முதல் வரி.

அடுத்த படி கடிதங்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. முன்பு ஒவ்வொரு கடிதத்துக்கும் தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். இப்போது தமிழில் சொன்னால் சிங்களத்தில் வரைவு வந்துவிடுகிறது. விலை, அளவு, திகதி ஆகிய மூன்றையும் மட்டும் செயலியிடம் விடுவதில்லை. அந்த இடங்களை வெறுமையாக விட்டு வரைவு எடுத்து, பிறகு நாங்களே நிரப்புவோம். வந்த சிங்களத்தை இன்னொரு தடவை தமிழுக்கு மாற்றிப் பார்ப்போம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த எங்கள் பெடியனும் ஒருமுறை பார்ப்பான். பருவ காலத்தில் வாடிகளிலிருந்து சிங்களத்தில் வரும் வட்ஸ்அப் செய்திகளுக்கும் இதே வழிதான். பதில் போகும் வேகம் கூடியது, அதனால் வந்த வியாபாரமும் கூடியது.

ஆகக் கூடிய கவனம் தேவைப்பட்டது கொள்முதலில்தான். அடுத்த பருவத்துக்கு என்ன எடுக்கலாம் என்று தமிழில் கேட்டுப் பார்த்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆகவே சரக்கைக் குறையுங்கள் என்று பதில் வந்தது. அது தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு உள்ள 61 நாள் தடை. எங்கள் கடலில் அந்த மாதங்களில்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். தமிழில் கேட்டால் அதற்குத் தமிழ்நாடுதான் முதலில் ஞாபகம் வருகிறது போலும். அடுத்து மலிவாகவும் நன்றாக விற்பனையாகவும் கூடியது என்று ஒற்றை நைலோன் இழையால் ஆன தங்கூசி வலையைப் பரிந்துரைத்தது. இலங்கையில் தங்கூசி வலை தடை. மாமா பட்டியலைப் பார்த்தவுடனே அந்த வரியில் சிவப்புக் கோடு போட்டார். அப்புறம் எங்கள் கடை இருக்கும் இடம், எங்கள் பருவம், தடையான சாமான்கள், யார் வாங்குவார்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அதை முதலில் ஒட்டிவிட்டுத்தான் கேள்வியைத் தொடங்குகிறோம். பதில்களின் தரம் கண்ணுக்குத் தெரிய மாறியது.

கணக்குக் கூட்டல்களை அதனிடம் விடவில்லை. நீண்ட பட்டியலைக் கூட்டச் சொன்னால் நம்பிக்கையான குரலில் பிழையான தொகையைச் சொல்லிவிடும். அதற்குப் பதிலாக எக்செலில் போட வேண்டிய சூத்திரத்தை எழுதித் தரச் சொல்லி, கூட்டலை எக்செலிடம் விட்டோம். சிறு வியாபாரம் செய்பவர்கள் இதை ஒன்றையாவது செய்யுங்கள், பெரிய தலைவலி போகும்.

பழைய விற்பனையை வைத்து மதிப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கையும் சேர்த்தால் எல்லாமே கோணிவிடும். அந்த வருசம் மண்ணெண்ணெய்க்கு வரிசை, கிடைத்தாலும் கட்டுப்படியாகாத விலை. ஒகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எங்கள் கரையின் வெளியிணைப்பு எஞ்சின்கள் ஓடுவதே மண்ணெண்ணெயில். படகு கரையில் கிடந்தால் வலை யார் வாங்குவார்? ஆகவே அந்த ஆண்டை வெளியே எடுத்துவிட்டோம். விற்பனை ஏன் விழுந்தது என்பது எண்களில் எழுதியிருக்காது. அந்த வரிசையில் நின்ற ஆட்களுக்குத்தான் தெரியும்.

மாமா இன்னொன்றும் சொன்னார். "மாசக் கணக்குப் பாக்கிறியள், நிலவைப் பாக்கேல்லையே?" நிலவுக் காலத்தில் வலைக்கு மீன் படுவது குறைவு, கடலுக்குப் போவோரும் குறைவார்கள். நிலவுச் சுற்று ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள், ஆங்கில மாதத்தோடு பொருந்தாது. மாத மொத்தத்தில் அந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது. பௌர்ணமித் திகதிகளுக்குத் தனி நிரல் சேர்த்தோம். எந்த வாரத்தில் கயிறும் ஈயமும் நிறைய இருப்பு வேண்டும் என்பது அதன்பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து மாமாவே காலையில் வந்து, "என்ன சொல்லுது உது?" என்று கேட்கிறார்.

கடன் கொப்பியை மட்டும் இந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்தோம். எங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் கடனுக்கு எடுத்து, மீன் பட்டதும் தருபவர்கள். அவர்களின் பெயர், தொலைபேசி எண், கடன் தொகை எதுவும் எந்தச் செயலிக்குள்ளும் போகக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது, அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர்கள் எங்களை நம்பித்தான் அந்தக் கணக்கை எங்களிடம் விட்டிருக்கிறார்கள். யார் திருப்பித் தருவார் என்று ஏஐயால் கணிக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். படகு உடைந்து ஒரு பருவம் முழுக்க வீட்டில் இருந்தவரை அந்தக் கணிப்பு கடன் கட்டாதவர் பட்டியலில்தான் போடும். அப்படியானவர்கள் அடுத்த பருவத்தில் முதல் ஆளாக வந்து கடனைத் தீர்த்ததை அப்பா காலத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அந்த முடிவை நாங்கள் யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

செலவைப் பற்றிப் பலர் கேட்பார்கள். முதல் வாடைக்காலத்தில் இலவசப் பதிப்பிலேயே ஓட்டினோம், பட்டியலுக்கும் கடிதத்துக்கும் அது போதும். மாதம் 20 டொலர் கட்டணப் பதிப்பு இலங்கைக் காசில் 6,000 ரூபா அளவில் வரும். பருவ மாதங்களில் மட்டும் எடுத்துவிட்டு, கடல் குழம்பியதும் நிறுத்திவிடுகிறோம்.

இன்னும் சரிவராதது குரல் செய்தி. வாடியில் நிற்பவர்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள், பேசித்தான் அனுப்புவார்கள். பின்னால் காற்றும் எஞ்சின் சத்தமும். எங்கள் பேச்சுத் தமிழை எழுத்தாக மாற்றும்போது சாமான் பெயரும் அளவும் மாறிவிடுகின்றன. இரண்டரை இஞ்ச் கண் கேட்டவருக்கு மூன்றரை போனால் அந்த வலை அவருக்கு உதவாது. ஆகவே குரல் செய்திகளைப் பெடியன்கள் காதால் கேட்டே எழுதுகிறார்கள். வருகிற வாடைக்கு, அனுப்பியவர்களின் சம்மதத்தோடு சில செய்திகளை எடுத்து, சாமான் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துப் பரிசோதிப்பதாக இருக்கிறோம். சரியாக வந்தால் பாவிப்போம், வராவிட்டால் அடுத்த வாடைக்குப் பார்ப்போம்.