செடியின் பெயர் இல்லாத பூச்சி

மழை முடிந்ததும் எங்கள் தண்டையார்ப்பேட்டை தெருவில் நிற்கும் வேப்பமரத்தில் கொழுந்தெல்லாம் மறுபடி கருகிவிட்டது. கிளையை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆயா, “இன்னாத்த கண்ணு அப்டி பாத்துகினு கீற?” என்றார். “தேயிலைக் கொசு, ஆயா.” கொசு என்பது பெயரில்தான், அது ஒரு நாவாய்ப்பூச்சி. முதுகில் குண்டூசி நட்டது போல ஒரு முள் நிற்கும், கொழுந்தில் ஊசிவாயை இறக்கிச் சாறு உறிஞ்சும், எச்சில் பட்ட இடம் கருகிப்போகும், அதோடு பூஞ்சையும் சேர்ந்தால் மரம் பாவம்.

இதன் குடும்பம் மிரிடே. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் முட்டைகளைத் தின்று நமக்கு உதவும் பச்சை மிரிட் பூச்சியும் இதே குடும்பம்தான். 11,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, ஆனாலும் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து பெயர் இல்லாதவை வந்துகொண்டே இருக்கின்றன.

கொஞ்ச காலம் ஓர் ஆய்வுக்கூடத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்த மிரிட்களை முக்கோண அட்டை நுனியில் ஒட்டும் வேலை பார்த்தேன். மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், விரல் பட்டாலே கால் உதிரும். காட்டில் பிடிப்பது ஒரு ராத்திரி வேலை, அது புது இனமா என்று சொல்வதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். ஒரே இனத்திலேயே நிறம் மாறும் என்பதால் அதை நம்ப முடியாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பொட்டாஷ் கரைசலில் இளக்கி, இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். அப்புறம் பழைய இனங்களோடு ஒப்பிட வேண்டும். இந்தியப் பூச்சிகள் பலவற்றுக்கு டிஸ்டன்ட் என்ற ஆங்கிலேயர் நூறு வருடங்களுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார், அவர் பார்த்த பூச்சிகளில் நிறைய லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லாம் தேறினால் ஒரேயொரு பூச்சி ஹோலோடைப் ஆகும், அந்தப் பெயருக்கு என்றைக்கும் அதுதான் சாட்சி.

என் மனத்தாங்கல் பூச்சியோடு சேர்த்து வைக்கும் லேபிளில்தான். பாதிக்கு மேல் ‘விளக்குப் பொறி’ என்றே எழுதியிருக்கும். ராத்திரி வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டால் பூச்சி வந்து உட்காரும், சரி, எந்தச் செடியிலிருந்து வந்தது? மிரிட்களில் பல ஒன்றிரண்டு செடிகளை மட்டுமே நம்பி வாழ்பவை, அந்தச் செடி தெரியாமல் எழுதும் விவரிப்பு எனக்கு அரைகுறைதான். கிளையைத் தட்டி, குடையைக் கவிழ்த்துப் பிடித்து, கூடவே ஒரு கொத்து இலையையும் பறித்து அழுத்தி வைத்தால் போதும். முப்பது மீட்டர் உயரத்து மர உச்சியில் அது எளிதில்லை, தெரியும். ஆனால் கைக்கு எட்டும் புதரிலாவது செய்யலாமே.

நேற்று எங்கள் வேம்பிலிருந்து ஒன்றைப் பிடித்து ஒட்டினேன். 1858-லேயே சிக்னோரே என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பெயர் வைத்துவிட்ட இனம், புதிது இல்லை. லேபிளில் ஊரும் தேதியும் எழுதும் முன்பே ‘வேம்பு’ என்று எழுதிவிட்டேன்.