மெட்டா 90 டாலருக்கு வந்தபோது அது மலிவா?

ஒரு டெக் பங்கு ஒரே நாளில் கால்வாசி விழுந்ததும் "சல்லிசா கிடைக்குது, வாங்கிப் போடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 அக்டோபரில் வெளியிட்ட மூன்றாம் காலாண்டு அறிக்கையைத்தான். 2021 செப்டம்பரில் 380 டாலரைத் தொட்ட பங்கு, அந்த அறிக்கைக்கு மறுநாள் சுமார் 24 சதவீதம் சரிந்து, நவம்பர் ஆரம்பத்தில் 90 டாலருக்கும் கீழே போனது.

கடைசி நான்கு காலாண்டு லாபத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பி.இ. விகிதம், அதாவது பங்கு விலை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது, எட்டரைதான் வரும். பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் பங்குக்கு 3.67 டாலராக இருந்த காலாண்டு லாபம் அதற்குள் 1.64க்கு இறங்கியிருந்தது, அதை நான்கால் பெருக்கிப் பாருங்கள், பி.இ. பதின்மூன்றரை ஆகிவிடும். லாபம் இறங்கிக்கொண்டிருக்கும்போது பழைய லாபத்தை வைத்து விலையை அளக்கவே கூடாது.

சரி, பணம் எங்கே போனது? தொழிலில் வந்த ரொக்கம் சுமார் 970 கோடி டாலர், அதில் 950 கோடி சர்வர், டேட்டா சென்டர் என்று மூலதனச் செலவாகவே போய்விட்டது. மெட்டாவர்ஸ் என்ற மெய்நிகர் உலகத்துக்கான பிரிவான ரியாலிட்டி லேப்ஸில் மட்டும் அந்தக் காலாண்டில் 367 கோடி நஷ்டம். இன்னொரு பக்கம், ஏதாவது ஒரு மெட்டா செயலியைத் தினமும் திறப்பவர்கள் 293 கோடி பேர், முந்தைய ஆண்டைவிட 4 சதவீதம் அதிகம். வருமானம் 4 சதவீதம் குறைந்ததற்குக்கூட டாலர் வலுத்ததுதான் காரணம், நாணய மாற்றத்தைக் கழித்தால் 2 சதவீதம் ஏறியிருக்கும். ஆக, ஆட்கள் ஓடவில்லை, செலவுதான் எகிறியது. அது நிர்வாகம் நினைத்தால் நிறுத்தக்கூடிய செலவு.

நினைக்குமா என்பதுதான் பிரச்சினை. வாக்குரிமையில் பாதிக்கு மேல் நிறுவனர் ஸக்கர்பெர்க் கையில் இருப்பதால் மற்ற பங்குதாரர்கள் கத்தலாம், அவ்வளவுதான். சந்தையின் பயம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வீடியோ மீட்டிங் நிறுவனமான ஜூமின் கதை வேறு. 2020 அக்டோபரில் 550 டாலருக்கு மேல் இருந்தது பாதியானபோது வாங்கியவர்கள் உச்சவிலையைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். அதற்குள் ஊரடங்கு முடிந்து வளர்ச்சி வேகமே குறைந்துகொண்டிருந்தது. பங்கு 2022ல் 100க்கும் கீழே போனது. லாபம் இருந்தும்தான்!

மெட்டாவில் 2022 நவம்பர் 9 அன்று 11,000 பேரை வேலையிலிருந்து அனுப்பும் அறிவிப்பு வந்தது. அத்தனை குடும்பங்களுக்கும் அது பெரிய அடி. முதலீட்டாளருக்கோ, செலவைக் குறைக்க ஸக்கர்பெர்க் தயார் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று. அப்புறம் பிப்ரவரியில் செலவு மதிப்பீட்டை இன்னும் குறைத்து 4,000 கோடி டாலர் பைபேக்கும் (நிறுவனமே தன் பங்குகளைத் திரும்ப வாங்குவது) அறிவித்தார்கள், 2023ல் பங்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. என்னைக் கேட்டால், அறிவிப்புக்கு முன்பு 89 டாலருக்கு வாங்குவதைவிட அறிவிப்புக்குப் பின் 101 டாலர் கொடுத்து வாங்குவதுதான் மலிவு.